நாலு வரி குறையுது

அச்சுக்கூடத்து மாடிப்படியில்
மையும் பீடியும் மணக்க ஏறி வருவார்
ஃபோர்மேன் ஏசுபாதம்.
“சார், கதை முடிஞ்சிடுச்சு.
பக்கம் முடியல. நாலு வரி குறையுது.”

எண்பத்தாறாம் வருஷம், ராயப்பேட்டை,
இரவு பதினொன்று நாற்பது.
ஒரு துணுக்குக்கு ஏழு ரூபாய்.
கதாநாயகி விஷம் குடித்த இடத்துக்குக் கீழே
நட்சத்திரக் குறி ஒன்று போட்டு
எதிர்காலத்தை எழுதிக் கொடுப்பேன்.

இரண்டாயிரத்தில் சாப்பாடு மாத்திரையாக வரும் என்றேன்.
வந்தது மாத்திரை மட்டும்,
சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் இரண்டு.
சென்னையில் கார்கள் தரை தொடாமல் போகும் என்றேன்.
போயின, வேளச்சேரியில், ஒரு டிசம்பரில்,
பின்னிருக்கையில் கெண்டை மீனோடு.
தொலைபேசியில் முகம் தெரியும் என்றதும் பலித்தது.
மடிப்பாக்கத்துச் சின்ன மாமியார் பேசினால்
பாதி நெற்றியும் முழு மின்விசிறியும் தெரிகின்றன.
தண்ணீர் லாரிக்கு இயந்திர மனிதன் வரிசையில் நிற்பான்
என்றது மட்டும் நடக்கவே இல்லை.
அந்த வேலையைப் பிளாஸ்டிக் குடங்கள்
அப்போதே பார்த்துக்கொண்டிருந்தன.

எதிர்காலம் தீர்ந்துபோன இரவுகளில் சினிமா.
சோழ நாட்டுக் காவலாளியின் மணிக்கட்டில்
நாலேகால் காட்டிய கைக்கடிகாரம்.
நடுக்கடலில் கப்பல் மூழ்கியது
சாலிகிராமத்தில் ஒரு வக்கீல் வீட்டுக் கிணற்றில்.
பேயின் சலங்கை, புரொடக்‌ஷன் மேனேஜரின் சாவிக்கொத்து.

ஒரு புதன்கிழமை ஒன்றுமே தோன்றவில்லை.
கரண்ட் வேறு போயிருந்தது.
பதினோரு நாள் ஓடிய ரோபோ படம் ஒன்றின் பேரை எழுதி,
“கடைசிக் காட்சியில் தகர உடைக்குள் நடந்தவர்
கதாநாயகன் அல்ல!
அவர் மயங்கி விழவே, டீ கொண்டுவந்த பையன்
உள்ளே புகுந்து உலகத்தைக் காப்பாற்றினான்” என்றேன்.
சுத்தப் பொய்.
மெழுகுவத்திக்கு மட்டும் தெரியும்.

போன ஞாயிறு மயிலாப்பூரில்
ஒரு பள்ளிக்கூட ஹாலில் வினாடி வினா.
கேள்விகளைத் தயாரித்ததும் கேட்டதும் இயந்திரம்,
செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில்.
ஒன்பதாவதாக வந்தது என் பொய்.
பச்சைச் சட்டைக்காரி பட்டனை அழுத்தி
“டீ கொண்டுவந்த பையன்” என்றாள்.
பத்து மதிப்பெண்.
கடைசி வரிசையில் என் காது சுட்டது.

எனக்கு முன்னால் ஒருவர் எழுந்தார்.
“பையன் இல்லீங்க. அப்ப எனக்கு இருபத்தாறு.
டீயும் இல்ல, பெயிண்ட் அசிஸ்டென்ட்.
பேரு வேதகிரி.”
சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார்.
சூடான தகரம் தோளில் வைத்த
அரைவட்டத் தழும்பு.

இயந்திரம் இரண்டு விநாடி மௌனமாக இருந்தது.
“தகவலுக்கு நன்றி. திருத்திக்கொள்கிறேன்.”
எல்லோரும் கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன். வேறென்ன செய்ய?

லஸ் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்தேன்.
யார் என்று சொல்லவில்லை.
உள்ளே இருந்து என்ன தெரிந்தது என்று மட்டும் கேட்டேன்.
“ரெண்டு ஓட்டை சார். ஒண்ணு புருவத்துக்கு மேல போயிடுச்சு.
இன்னொண்ணுல லைட்பாய்ங்க இலை போட்டு
சாப்பிட்டுக்கிட்டிருந்தது தெரிஞ்சுது.
அதைப் பாத்துதான் நடந்தேன்.
நல்லா நடந்தேன்னாங்க.”
பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

நான் எழுதியபோது அது பொய்.
அவர் நடந்தபோதும் பொய்யாக இருந்ததா?

ராத்திரி போனில் கேட்டுப் பார்த்தேன்.
வேதகிரி என்றது. இருபத்தாறு வயது என்றது.
பெயிண்ட் அசிஸ்டென்ட், சரி.
இடது தோளில் தழும்பு என்றது.

நான் பார்த்தது வலது.

எங்கேயோ, யாருக்கோ
நாலு வரி குறைந்திருக்கும்.